சைக்கிளுக்கு ஓர் அறை, மகளுக்கு ஒரு சோபா

அன்புள்ள அப்பா,

உங்கள் வயதில் பிள்ளைகள் வீட்டை விட்டுப் போவது இயல்புதான். நாற்பத்தெட்டு என்பது இறக்கை முளைக்கிற வயது. நான் உங்களைத் தடுக்கப் போவதில்லை. ஆனால் வீட்டை விட்டுப் போகிற பிள்ளைக்குப் புத்திமதி சொல்லி ஒரு நீண்ட கடிதம் எழுதுவது பெரியவர்களின் கடமை. உங்களைப் பெற்ற இருவரும் இப்போது இல்லை. அம்மா எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எஞ்சியிருக்கிற பெரிய ஆள் நான்தான். எனக்குப் பதினாறு வயது. நம் குடும்பம் இன்று இருக்கிற நிலைமைக்கு அது தாராளம். ஒரு தகப்பன் மகனுக்கு எழுதுவதுபோல ‘நீ’ என்று எழுதத்தான் ஆசைப்பட்டேன், கை கேட்கவில்லை. கோபத்திலும் ‘நீங்கள்’ என்றே வருகிறது. என்னை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள், உங்களைத்தான் யாரோ சரியாக வளர்க்கவில்லை.

விடயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை நீங்கள் லண்டன் மோர்டனில் இருக்கிற பிளாற்றைக் காலி செய்துவிட்டு, ஸ்கொட்லாந்தில் கேர்ன்கோர்ம் மலையடியில் ஒரு சின்ன ஊரில் வாடகை வீட்டின் சாவியை வாங்கப் போகிறீர்கள். வெயில் காலத்தில் சைக்கிள், குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, நடுவில் மழை பெய்தால் மடிக்கணினியில் அலுவலக வேலை. அந்த வீட்டில் எனக்கு ஓர் இடம் இருக்கிறதா இல்லையா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். மற்றதெல்லாம் தாளிப்பு. இதை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருந்தால் “பிறகு ஆறுதலா வாசிக்கிறன் பிள்ளை” என்று எழுதிவிட்டு மறந்திருப்பீர்கள். ஆகவே ஹரோவிலிருந்து டொராண்டோ வரை சொந்தக்காரர் எல்லோரும் இருக்கிற குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். பெரியப்பா எழுத்துப்பிழை திருத்துவார். மற்றவர்கள் வாசித்துவிட்டு, வாசிக்காததுபோல் கும்பிடு போடுவார்கள்.

இப்படிப் பகிரங்கமாகப் போட்டால் நம் வீட்டு மானம் போகும் என்று நீங்கள் சொல்வீர்கள். அதனால் முதலில் அம்மாவிடம் கேட்டேன். நீங்கள் இருவரும் பிரிந்து இரண்டு வருடமாகிறது. அந்த இரண்டு வருடமும் நீங்கள் மோர்டனில் ‘வேலை விஷயமாக’ நிற்பதாகத்தான் எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறோம். எல்லோரும் அதை நம்புவதாக நடித்து வந்திருக்கிறார்கள். அந்த நடிப்புக்கு நானும் டிக்கெட் கிழித்துக் கொடுத்திருக்கிறேன். “உண்மையை எழுதட்டோ அம்மா?” என்று கேட்டேன். சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர் தண்ணீரைக்கூட நிறுத்தவில்லை. “எழுது. கார் பார்க்கிலை நிண்டு நிண்டு எனக்கும் கால் நோகுது,” என்றார்.

அந்தக் கார் பார்க் கதையை இங்கே நான் சொல்லித்தான் ஆக வேண்டும். கலியாணம், சாமத்தியவீடு என்று எந்தக் கொண்டாட்டம் வந்தாலும் நமக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அம்மாவும் நானும் ரெய்னர்ஸ் லேனிலிருந்து வருவோம். நீங்கள் லண்டனின் மற்ற முனையிலிருந்து வருவீர்கள். மண்டபத்தின் கார் பார்க்கில் சந்தித்து, இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் அம்மா, நடுவில் நான் என்று நம்மைக் குடும்பமாகப் பூட்டிக்கொண்டு உள்ளே போவோம். சாப்பாடு முடிந்ததும் அதே கார் பார்க்கில் குடும்பத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போவோம். கடைசியாகப் போன கலியாணத்துக்கு நீங்கள் நேரம் பிந்தி வந்தீர்கள். அம்மா பட்டுச்சேலையோடு காற்றில் நின்றார். தலைப்பு கொடிபோலப் பறந்தது. நீங்கள் காரின் கூரையில் இரண்டு சைக்கிளைக் கட்டிக்கொண்டு, கோட் சூட்டுக்குக் கீழே சேறு பிடித்த சப்பாத்தோடு வந்து இறங்கினீர்கள். பக்கத்தில் காரை நிறுத்திய அன்ரி ஒருவர் விட்டுவைக்கவில்லை.

“என்ன, சைக்கிளோடையோ கலியாணத்துக்கு?”

“இல்லை அன்ரி, சைக்கிளுக்குத்தான் கலியாணம். அப்பா தாரை வார்க்க வந்திருக்கிறார்,” என்றேன்.

“மோர்டனிலை வேலை இன்னும் முடியேல்லையோ?” என்று அவர் உங்களைப் பார்த்துக் கேட்டார்.

“ஓம், புரொஜெக்ட் கொஞ்சம் இழுபடுது,” என்றீர்கள்.

“பாலம் கட்டுகினம் அன்ரி. ரெண்டு பக்கமும் தொடங்கி, நடுவிலை பொருந்தேல்லையாம்,” என்றேன் நான்.

நீங்கள் என் முழங்கையைக் கிள்ளினீர்கள். அம்மா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார், சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய் மூவரும் மேடையில் நின்று படம் எடுத்தோம். அந்தப் படத்தில் நாம் மிகவும் ஒற்றுமையாக இருக்கிறோம். அதை இந்தக் குழுவில் போட்டபோது எத்தனை பேர் இதயம் போட்டீர்கள் என்று நான் இப்போது சொல்லிக்காட்டப் போவதில்லை.

இத்தனைக்கும் எனக்கு மலைமீது கோபம் இல்லை அப்பா. பனிமீதும் இல்லை. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்ததும் ஹரோவில் வாசலில் வந்து நின்று என்னை ஏற்றிக்கொண்டு போவீர்கள். எங்கே போகிறோம் என்று சொல்லாமல் ஒருநாள் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அங்கே ஒரு பெரிய கூரைக்குக் கீழே பனியைக் கொட்டிச் சாய்த்து வைத்திருந்தார்கள். உங்களுக்குப் பல வாரப் பயிற்சி, எனக்கு முதல் நாள். நான் மத்தியானத்துக்குள் விழாமல் இறங்கப் பழகிவிட்டேன். நீங்கள் மேலிருந்து கையை விரித்துக்கொண்டு வந்து, கீழே வரிசையில் நின்ற சின்னப் பிள்ளைகளைக் கொத்தாகச் சாய்த்தீர்கள். ஒரு குழந்தை எழும்பி நின்று உங்களுக்குக் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தது. காலில் கட்டிய சறுக்குப் பலகையில், அந்த ஸ்கீயில்தான் பிழை என்று சொன்னீர்கள். ஆனால் அன்று நான் இறங்கி வந்தபோது, முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் ஒருவரின் தோளைத் தட்டி, “என்ரை பிள்ளை, பாருங்கோ, என்ரை பிள்ளை,” என்று தமிழிலேயே சொன்னீர்கள். அவருக்கு விளங்கியது. எனக்கும் விளங்கியது. அந்தச் சொல்லை ஞாபகம் வைத்திருங்கள், கீழே தேவைப்படும்.

பிறகுதான் ஊர் தெரிவு செய்கிற வேலை தொடங்கியது. ரெய்னர்ஸ் லேனில் சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் காரை நிறுத்தி, மடிக்கணினியை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்து, மட்டன் ரோலைக் கடித்துக்கொண்டே வரைபடத்தை விரித்தீர்கள். விசைப்பலகை முழுவதும் ரோல் தூள்.

“பிள்ளை, நீயே ஒண்டைச் சொல்லு பாப்பம். எது நல்ல இடம்?”

“என்னத்துக்கு?”

“இருக்கிறதுக்குத்தான். வெயிலுக்குச் சைக்கிள், குளிருக்கு ஸ்கீ. ரெண்டும் வேணும்.”

“ஆருக்கு வேணும்?”

“எனக்குத்தான். வேறை ஆருக்கு?”

ரோலின் மற்றப் பாதியை வாயில் வைத்துவிட்டீர்கள். நீங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் திருப்பி அடித்திருக்கலாம். ஒன்றுமே நினைக்காமல் சொன்னீர்கள். என்னை விட்டுப் போவதற்கு ஓர் ஊரை, என்னிடமே தெரிவு செய்யச் சொன்னீர்கள்.

சரி, செய்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்களுக்கு ஆலோசகர் நான். வேல்ஸ் என்றீர்கள். சைக்கிளுக்குச் சொர்க்கம், ஆனால் அங்கே சறுக்க வேண்டுமென்றால் சேற்றில்தான் சறுக்க வேண்டும் என்றேன். லேக் டிஸ்ட்ரிக்ட் என்றீர்கள். வாத்துக்குத்தான் வசதி என்றேன். பிரான்ஸ் பக்கம் ஆல்ப்ஸ் என்று இழுத்தீர்கள். விசாவுக்கு வரிசையில் நிற்க உங்களுக்குப் பொறுமை இருந்தால் நீங்கள் அம்மாவோடு இன்னும் சண்டை பிடித்துக்கொண்டு இருந்திருப்பீர்களே என்றேன். ஃபோர்ட் வில்லியம் என்றபோது மழையைக் காட்டினேன். ஸ்கொட்லாந்தின் மற்றப் பக்கம் என்றபோது கைவசம் ஒன்றும் இல்லை. அதனால் கரடியை விட்டேன்.

“அப்பா, அந்தப் பக்கம் காட்டிலை கரடி விடப் போயினமாம்.”

“மெய்யாவோ?”

“ஓம். சைக்கிள் ஓடுற ஆக்களைத்தான் முதல்லை பிடிக்குமாம். உங்கடை இறுக்கமான உடுப்பைப் பாத்து, ஆரோ பார்சல் பண்ணி அனுப்பியிருக்கினம் எண்டு நினைக்குமாம்.”

“விசர்க் கதை கதையாதை,” என்று சொன்னீர்கள். சொல்லிவிட்டு, நான் ரோல் வாங்க இறங்கியதும் இரகசியமாகத் தேடிப் பார்த்தீர்கள். கார்க் கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது. இன்னொரு சனிக்கிழமை உங்கள் போனில் மலையின் வானிலையை எடுத்துவிட்டு இலங்கையில் வவுனியாவின் வானிலையை வைத்தேன். பெயரைக்கூடப் பார்க்காமல், “ஐயோ, முப்பத்தாறு பாகையோ! பனி எல்லாம் போச்சு!” என்று கத்தினீர்கள். நீங்கள் இதையெல்லாம் பகிடி என்று நினைத்தீர்கள். பகிடிதான். ஆனால் ஊர் தெரிவு முடியாதவரைக்கும் நீங்கள் மோர்டனில்தான் இருப்பீர்கள். மோர்டனில் இருக்கும்வரைக்கும் சனிக்கிழமை இருக்கும். ஆகவே எந்த ஊரைச் சொன்னாலும் அதில் ஒரு குறை கண்டுபிடிப்பதுதான் என் முழுநேர வேலையாக இருந்தது. கடைசியில் என்னைக் கேட்காமலே முடிவெடுத்தீர்கள். நம் சனிக்கிழமைகள் மலையேறிவிட்டன.

இனி வீட்டில் பெரிய ஆள் என்ற முறையில் சில விடயங்களைச் சொல்ல வேண்டும். கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் அந்த ஊரைப் போய்ப் பார்த்தது மே மாதத்தில், நல்ல வெயிலில், நண்பர்களோடு. கலியாணப் பேச்சுக்குப் போன இடத்தில் பெண் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி கொண்டுவந்ததைப் பார்த்துவிட்டு, இவள் எப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருப்பாள் என்று நம்புகிற ஆள் நீங்கள். அனுபவப்பட்டும் திருந்தவில்லை. மார்கழியில் அங்கே பின்னேரம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கே இருட்டிவிடும். பெருங்காற்று அடித்தால் மலைக்கு மேலே ஏற்றுகிற லிஃப்ட்டை நிறுத்திவிடுவார்கள், பனி இருக்கும், ஏற வழி இருக்காது. கோடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கொசு கூட்டமாக வந்து கடிக்கும். நீங்கள் விழுந்து கால் முறித்தால் யாருக்குத் தொலைபேசி எடுப்பீர்கள்? மோர்டனில் முழங்கால் வீங்கியபோது அம்மாவுக்குத்தான் எடுத்தீர்கள். அவர் இரண்டு ரெயில் மாறி, உறைய வைத்த பட்டாணிப் பையோடு வந்தார். பிரிந்த மனுசி அவ்வளவு தூரம் வருவார் என்று எண்ணி ஒருவன் மலையில் வீடு எடுக்கக் கூடாது.

இன்னும் ஒன்று. நீங்கள் தேடியது மலையே அல்ல என்று எனக்கு ஒரு சந்தேகம். நீங்கள் ஒவ்வொரு ஊரையும் பார்த்தபோது சைக்கிள் பாதை, பனி, வேலைக்கு இணைய வேகம் எல்லாம் கேட்டீர்கள். கடைசியாக, ஒரு தரம்கூடத் தவறாமல், “அங்கை எங்கடை ஆக்கள் இருக்கினமோ?” என்றும் கேட்டீர்கள். முதலில் நான் நினைத்தேன், அரிசி மா, கறித்தூள் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள் என்று. இல்லை என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் உங்கள் தோள் கொஞ்சம் இறங்கும், ஆறுதலாக. “மனுசி எங்கை, ஏன் வரேல்லை?” என்று யாரும் கேட்காத உயரத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அதற்குச் சைக்கிளைச் சாட்டுகிறீர்கள். பாவம் சைக்கிள். அம்மாவுக்கு அப்படி ஓடிப் போக ஒரு மலை இல்லை. அவர் அதே கடையில், அதே அன்ரிமாருக்கு நடுவில் நின்று வெண்டைக்காய் முறித்துப் பார்த்து வாங்குகிறார்.

இனி சோபாவுக்கு வருகிறேன். வீடு சரிவந்ததும் நீங்கள் எனக்குப் படம் அனுப்பினீர்கள். “சின்ன வீடு பிள்ளை, ஒரு அறைதான். நீ லீவுக்கு வரேக்கை சோபாவை இழுத்தாக் கட்டில். சரியோ?” என்று குரல் செய்தி போட்டீர்கள். சரி என்று ஒரு பெருவிரலை அனுப்பினேன். எனக்குச் சோபா பிரச்சினை இல்லை, நான் எங்கேயும் தூங்குவேன், தமிழ்ப் பள்ளியிலேயே தூங்குகிறவள். ஆனால் நீங்கள் அனுப்பிய இணைப்பைத் திறந்தால் விளம்பரத்தில் இரண்டு படுக்கையறை என்று இருந்தது. இரண்டாவது அறையின் படமும் இருந்தது. சரிந்த கூரை, சின்ன ஜன்னல், அதற்குள்ளால் மலை. ஜன்னலோரம் ஒரு மரக்கட்டில்.

பிழையான இணைப்பை அனுப்பிவிட்டீர்கள் என்று நினைத்தேன். உறுதிப்படுத்த, விளம்பரத்தில் இருந்த எண்ணில் வீட்டுக்காரிக்குத் தொலைபேசி எடுத்தேன். உங்கள் செக்ரட்டரி பேசுகிறேன் என்று சொன்னேன். மூக்கால் கொஞ்சம் பேசினால் நான் முப்பது வயதுபோல இருப்பேன், என் பள்ளிக்கூடத்துக்கே அப்படி எடுத்து எனக்கே லீவு வாங்கியிருக்கிறேன். அந்த மனுசி நல்லவர், கதைக்க ஆள் கிடைத்த சந்தோசத்தில் கதைத்தார்.

“ஓ, அந்தச் சைக்கிள்காரரா? எல்லாம் அவர் சொன்னபடியே செய்தாயிற்று. சின்ன அறையில் இருந்த கட்டிலை என் மகன் கழற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டான். சுவரில் கொளுக்கியும் அடித்தாயிற்று. சைக்கிளும் ஸ்கீயும் சூட்டில் இருக்க வேண்டும் என்றாரே. ஹீற்றரும் அந்த அறையில்தான் நல்லது.”

“அவருடைய பிள்ளைகள் வந்தால் எங்கே படுப்பார்கள்?” என்று கேட்டேன். மூக்குக் குரல் கொஞ்சம் வழுக்கியது.

“பிள்ளைகளா? தான் தனி ஆள் என்றல்லவா சொன்னார்.”

என்ரை பிள்ளை, பாருங்கோ, என்ரை பிள்ளை. தெரியாத வெள்ளைக்காரனின் தோளைத் தட்டிச் சொன்ன அதே வாய்தான். அன்று சொல்லத் தேவையே இருக்கவில்லை, சொன்னீர்கள். இன்று ஒரு கட்டிலைக் காப்பாற்ற அந்த ஒரு சொல் போதும், சொல்லவில்லை. அம்மாவுக்குப் பொய் சொல்லுங்கள், அது பெரியவர்கள் விவகாரம். அன்ரிமாருக்குச் சொல்லுங்கள், அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. எனக்கு ஏன் ஒரு அறைதான் என்று சொன்னீர்கள்? “ரெண்டு அறை இருக்கு, ஆனால் மற்றது சைக்கிளுக்கு” என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், கரடியை அவிழ்த்து விட்டிருப்பேன், பிறகு சரி என்றிருப்பேன். எந்த மலையில் எத்தனை பாகை இறக்கம் என்று உங்களுக்கு மனப்பாடம். இரக்கம் எத்தனை பாகை என்று ஒருநாளும் அளந்ததில்லை. இப்படி ஒரு வரி எழுதினால் வழக்கமாக நானே சிரிப்பேன். இன்று வரவில்லை.

தொலைபேசியை நான் அத்தோடு வைக்கவில்லை. தொண்டையைச் செருமி, செக்ரட்டரிக் குரலை எடுத்து, “ஒரு சின்ன மாற்றம்” என்றேன். அவர் மனதை மாற்றிவிட்டார், கட்டில் திரும்பவும் வேண்டும், அதே அறையில், அதே ஜன்னலோரம். மெத்தையும் விரித்து, கம்பளியும் போட்டு வைக்க முடியுமா? மகனுக்குச் சிரமம் கொடுக்கிறோம், மன்னிக்கவும். “அதற்கென்ன, இன்றைக்கே செய்விக்கிறேன்,” என்றார் அந்த மனுசி. “அப்போது யாராவது வருகிறார்களா?” என்றும் கேட்டார். வரலாம் என்றேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை நீங்கள் சாவியைத் திருப்பும்போது அந்தக் கட்டில் அங்கே இருக்கும். நான் அதில் வந்து படுப்பேனா என்று கேட்காதீர்கள். இப்போதைக்கு மாட்டேன். மார்கழியில் நத்தார் லீவுக்கும் மாட்டேன். அது காலியாகவே கிடக்கட்டும், நீங்கள் ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டிப் போங்கள். சைக்கிளுக்கு இடம் போதாவிட்டால் கட்டிலை வெளியே எடுக்கலாம், உங்கள் வீடு, உங்கள் விருப்பம். ஆனால் அந்த மனுசியின் மகனிடம் இனிச் சொல்ல முடியாது. நான் உங்கள் மகள், கட்டில் எனக்காகத்தான் என்று அந்த மனுசியிடம் உண்மையைச் சொன்ன பிறகுதான் தொலைபேசியை வைத்தேன், என் சொந்தக் குரலில். முழுதாக அந்தக் கட்டில் வாசலுக்குள்ளால் போகாதாம். திருப்புளி எடுத்து ஒவ்வொரு ஸ்குரூவாக நீங்களே கழற்ற வேண்டும். கழற்றுகிற நேரம் முழுவதும் அது யாருடைய கட்டில் என்று தெரிந்துகொண்டே கழற்ற வேண்டும்.

இப்படியெல்லாம் எழுத வேண்டி வந்த,
உங்கள் மகள்